பழைய டெஸ்க்டாப்புக்கு கிராபிக்ஸ் கார்டு: ரிச்சி தெருவுக்குக் கிளம்பும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை ரிச்சி தெருக் கடை வாசலில் நின்று "1650 கிராபிக்ஸ் கார்டு என்ன விலை?" என்று கேட்கும்போதே பாதித் தவறு நடந்துவிடுகிறது. கார்டின் பெயர் தெரிந்திருக்கும். அது போய் உட்காரப்போகும் கேபினட்டுக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்காது. கடைக்காரர் கேட்டதை எடுத்துக் கொடுப்பார். அது நம் மெஷினில் ஓடுமா என்று பார்க்க வேண்டியது நாம்தான். பழைய கம்ப்யூட்டருக்குக் கார்டைக் கடைசியாகத்தான் தேர்வு செய்ய வேண்டும். முதலில் பக்கவாட்டு மூடியைக் கழற்றுங்கள்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ், அதாவது மின்சாரம் தரும் பவர் சப்ளை பெட்டி. அதிகம் பேர் கோட்டைவிடுவதும் இங்கேதான். பெட்டியில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று போட்டிருக்கும். அதை நம்பாதீர்கள். ஸ்டிக்கரில் உள்ள சின்ன அட்டவணையில் 12 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 18 ஆம்பியர் என்றால் 12 வோல்ட்டில் கிடைப்பது 216 வாட்தான். கிராபிக்ஸ் கார்டும் பிராசசரும் முக்கியமாக இந்த 12 வோல்ட்டிலிருந்துதான் மின்சாரம் எடுக்கின்றன. 185 வாட் இழுக்கும் ஆர்எக்ஸ் 580 கார்டை இதில் மாட்டினால் கேம் சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். மலிவான எஸ்எம்பிஎஸ் என்றால் போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோக வாய்ப்பிருக்கிறது.

கணக்கு எளிதுதான். மதர்போர்டில் கார்டு செருகும் ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும். 6 பின் இணைப்பு இன்னொரு 75, 8 பின் இணைப்பு 150. உங்கள் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த 6 பின், 8 பின் வயர்களே இல்லையென்றால், அந்த அளவு சுமை தூக்க அது தயாரிக்கப்படவில்லை என்றுதான் பொருள். "கன்வெர்ட்டர் இருக்கு சார், போட்டுக்கலாம்" என்று ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் சாட்டா வயரிலிருந்து 6 பின் எடுக்கும் ஒயரைத் தருவார்கள். வாங்கவே வாங்காதீர்கள். சாட்டா பவர் இணைப்பு 12 வோல்ட்டில் 54 வாட் வரைதான் தாங்கும்; 75 வாட் கேட்டால் பிளாஸ்டிக் உருகும், தீப்பிடிக்கவும் செய்யும். கார்டுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்குக் கொடுங்கள் என்பது என் உறுதியான கருத்து. அடுத்த கம்ப்யூட்டருக்கும் அது உதவும்.

யுபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம். வீடுகளில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட் அளவுக்குத்தான். பெரிய கார்டு போட்ட பிறகு, கேம் நடுவே கரண்ட் போனால் அது ஒரு நொடிகூடத் தாங்காமல் போகலாம்.

ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட டெல், ஹெச்பி, லெனோவோ ஆஃபீஸ் கம்ப்யூட்டர்களை வாங்கி கேமிங் மெஷினாக மாற்ற நினைப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். டெல் ஆப்டிபிளெக்ஸ் 9020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன கேபினட்டில் வரும் மாடலின் பவர் சப்ளை 255 வாட், டவர் மாடலில் 290 வாட். மதர்போர்டுக்குப் போகும் வயர் வழக்கமான 24 பின் கிடையாது, 8 பின். அதனால் கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸை அப்படியே மாட்ட முடியாது. அதற்கென்று தனி அடாப்டர் வேண்டும். சின்ன கேபினட்டில் அரை உயரமுள்ள லோ புரொஃபைல் கார்டு மட்டும்தான் நுழையும். சில ஆஃபீஸ் மாடல்களில் ஸ்லாட்டே 75 வாட் முழுதாகத் தராது. சர்வீஸ் மேனுவலில் அது எழுதியிருக்கும், பார்த்துவிடுங்கள். இந்த மாதிரி மெஷின்களுக்குத் தனி பவர் வயர் கேட்காத கார்டுதான் பொருத்தம். ஆர்டிஎக்ஸ் 3050 கார்டின் 6 ஜிபி வடிவம் 70 வாட்தான் எடுக்கும், லோ புரொஃபைலிலும் கிடைக்கிறது. அதே பெயரில் உள்ள 8 ஜிபி கார்டு வேறு; அதற்குத் தனி பவர் வேண்டும். பில் போடும்போது ஜிபியைச் சொல்லி உறுதி செய்யுங்கள்.

அதற்காக கார்டின் மெமரி எத்தனை ஜிபி என்று மட்டும் பார்த்து வாங்குவதும் தவறு. ஜிடி 730 கார்டில் 4 ஜிபி என்று போட்டிருந்தாலும் இன்றைய கேம்களுக்கு அது உதவாது. ஜிடி 1030 இரண்டு விதமாக வந்தது. ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதில் நொடிக்கு 48 ஜிபி தரவு போய்வரும், டிடிஆர்4 உள்ளதில் 16.8 ஜிபிதான். பெயர் ஒன்று, வேகம் வேறு. ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி இரண்டும் ஸ்லாட்டில் நான்கு லேன் (தரவு போய்வரும் பாதை) மட்டுமே பயன்படுத்துபவை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 3.0 ஸ்லாட் உள்ள பழைய மதர்போர்டில் இவற்றின் வேகம் நன்றாகவே அடிவாங்கும். இன்டெல் ஆர்க் கார்டுகள் விலைக்கு நல்லவைதான், ஆனால் ரீசைசபிள் பார் (கார்டின் மெமரி முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுகும்) வசதி இல்லாத பழைய போர்டில் அவற்றை வாங்காதீர்கள்.

அப்புறம் செகண்ட் ஹேண்ட். 2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றிக்கொண்டதும், கார்டு வைத்து மைனிங் செய்து (கணக்குப் போட்டு அந்த நாணயத்தை ஈட்டி) வந்தவர்களுக்கு வேலை இல்லாமல் போனது, அந்தக் கார்டுகள் சந்தைக்கு வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்டை ஒதுக்க வேண்டியதில்லை. ஃபேன் சத்தம் போடுகிறதா, ஸ்க்ரூக்கள் துருப்பிடித்திருக்கின்றனவா, வெப்பத்தைக் கடத்தும் தெர்மல் பேடிலிருந்து எண்ணெய் கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் ஓடிய கார்டு என்றால் கடல் காற்றில் துரு கூடுதலாகவே இருக்கும். கடையிலேயே கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-இசட் மென்பொருளை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பழைய கார்டின் பயாஸை (உள்ளே பதிந்திருக்கும் அடிப்படை மென்பொருளை) மாற்றி என்விடியா 1050 டிஐ என்று விற்கும் போலிகள் அதில் பெரும்பாலும் சிக்கிவிடும். ஆர்எக்ஸ் 580 என்று கொடுத்தால் 2304 ஷேடர்கள் (காட்சியைக் கணக்கிடும் சின்ன அலகுகள்) காட்ட வேண்டும். 2048 என்றால் அது சக்தி குறைந்த வேறு வகை.

அசல் 1050 டிஐ கிடைத்தாலும் நான் இப்போது வாங்கச் சொல்ல மாட்டேன். அந்தத் தலைமுறைக் கார்டுகளுக்குப் புதிய கேம்களுக்கான டிரைவர்களை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திக்கொண்டது. இனி பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான். அடுத்த தலைமுறையான 1650க்கு அந்தச் சிக்கல் இல்லை.

பிராசசரைப் பற்றி அதிகம் குழம்ப வேண்டாம். இப்போதுள்ள கார்டில் நீங்கள் ஆடும் கேமின் ரெசல்யூஷனை 720க்குக் குறைத்துப் பாருங்கள். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை காட்சிகள் என்ற எண்) ஏறினால் கார்டுதான் தடை, புதியது வாங்கலாம். ஏறவில்லை என்றால் தடை பிராசசரிலோ ரேமிலோ இருக்கிறது. புதுக் கார்டு அதைச் சரிசெய்யாது.

மாட்டிய பிறகு திரை கறுப்பாகவே இருந்தால் பதற வேண்டாம். மானிட்டர் கேபிள் இன்னும் மதர்போர்டில்தான் செருகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள், பல நேரம் அதுதான் காரணம். நீல நிற விஜிஏ கேபிள் மட்டும் உள்ள மானிட்டர் என்றால் புதிய கார்டில் அதற்கு இடமே இருக்காது. எச்டிஎம்ஐயிலிருந்து விஜிஏவுக்கு மாற்றும் ஆக்டிவ் கன்வெர்ட்டர் வேண்டும். கம்ப்யூட்டர் தொடங்கும் பழைய லெகசி முறையில் விண்டோஸ் போட்டிருந்து, புதுக் கார்டு யுஇஎஃப்ஐ என்ற புதிய முறையை எதிர்பார்த்தாலும் திரை வராமல் போகலாம். மதர்போர்டின் பயாஸ் அப்டேட்டையும் இந்த மாற்றத்தையும் பழைய கார்டு இருக்கும்போதே முடித்துவிடுவது நல்லது.

செகண்ட் ஹேண்ட் கார்டுக்குப் பெரும்பாலும் சில நாள் டெஸ்டிங் வாரண்டிதான் தருவார்கள். எத்தனை நாள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். அந்த நாட்களுக்குள் ஒரு மதிய நேரத்தில், கேபினட் மூடியைப் போட்டு, ஏசி இல்லாமல், கனமான கேம் ஒன்றை ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓட்டி வெப்பநிலையைக் கவனியுங்கள். கடையின் ஏசி அறையில் பத்து நிமிடம் நன்றாக ஓடிய கார்டு நம் ஊர் மே மாத வெயிலில் எப்படி நடந்துகொள்ளும் என்று அப்போதுதான் தெரியும். திரையில் புள்ளிகளோ கோடுகளோ வந்தால் அன்றே திருப்பிக் கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.