சீனப் பின்னணியில் இருண்ட போர்ப் புனைவு: எழுதுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சீன வரலாற்றையும் புராணத்தையும் கலந்து போர்க்கதை எழுத வருபவர்களில் பலர் முதலில் கை வைப்பது நாஞ்சிங்கில்தான். 1937 டிசம்பரில் ஜப்பானியப் படை அந்த நகருக்குள் புகுந்தபின் சுமார் ஆறு வாரம் நடந்த கொலைகளையும் வன்புணர்வுகளையும் ஊர்ப்பெயர் மாற்றி ஓர் அத்தியாயமாக வைத்துவிடுகிறார்கள். அதற்கு முன் அந்த ஊரில் ஒரு தெருவைக்கூட நாம் பார்த்திருக்க மாட்டோம். இறந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்றும் இருக்கிறார்கள். பெயரில்லாப் பிணக்குவியலாக இறந்தவர்களை எழுதுவது அநியாயம். யார் யார் சாகப்போகிறார்களோ அவர்களோடு சில அத்தியாயங்களாவது வாழ்ந்துவிட்டு அந்தக் காட்சிக்குப் போங்கள்.

கொடுமை முழுவதையும் எதிரி முகாமிலேயே வைப்பது இதைவிடப் பெரிய தவறு. 1938 ஜூனில், ஜப்பானியர் முன்னேறுவதைத் தடுக்க, ஹுவாயுவான்கோ என்ற இடத்தில் மஞ்சள் நதியின் கரையை உடைத்தது சீனத் தேசியவாத அரசின் படையேதான். ரகசியம் காக்க வேண்டுமென்று கீழே இருந்த கிராமங்களுக்குச் சொல்லவில்லை. வெள்ளத்திலும் அதன்பின் வந்த பசியிலும் நோயிலும் பல லட்சம் பேர் மாண்டார்கள். ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதால் கரை உடைந்தது என்று அரசு அறிவித்தது. நதி பழைய தடத்துக்குத் திரும்ப 1947 ஆயிற்று. மண்வெட்டி பிடித்த சிப்பாய்க்கு அந்தக் கிராமங்களில் ஒன்று சொந்த ஊராக இருந்தால்? எனக்கு இந்த வகைக் கதையின் உயிரே அந்தச் சிப்பாய்தான்.

தெய்வங்களை வெறும் ஆயுதமாக்குவதும் அடிக்கடி நடக்கிறது. மந்திரம் சொன்னதும் நெருப்பு வருகிறது, அவ்வளவுதான். 1900 வாக்கில் வட சீனாவின் யிஹெதுவான் கிளர்ச்சியாளர்களை (ஆங்கிலத்தில் ‘பாக்ஸர்கள்’) பாருங்கள். வெள்ளத்திலும் வறட்சியிலும் நொந்துபோன ஏழைக் குடியானவர்கள் அவர்கள். தெய்வமாக வணங்கப்படும் பழைய தளபதி குவான் யூவும் புராணக் குரங்கரசன் சுன் வுகோங்கும் தங்கள் மேல் இறங்குவார்கள், தோட்டா உடம்பைத் துளைக்காது என்று நம்பித் துப்பாக்கிக்கு எதிரே போனார்கள். தோட்டா துளைத்தது. சாமி வந்து ஆடுபவரை அருகில் நின்று பார்த்தவர்களுக்கு அந்த நம்பிக்கையின் கனம் புரியும். இறங்கும் தெய்வம் என்ன கேட்கிறது, மலையேறியபின் அந்த உடம்பு என்ன ஆகிறது என்று எழுதாவிட்டால் புராணம் கதைக்குள் வரவே இல்லை.

சின்னச் சறுக்கல்களும் உண்டு: சீன டிராகனை நெருப்புக் கக்க விடுவது (அது மழைக்கும் நீருக்கும் உரியது), ஜப்பானிய வீரர்களான சாமுராய்களைச் சீனப் படையில் சேர்ப்பது, குடும்பப்பெயரைப் பின்னால் போடுவது (சீனப் பெயரில் அது முன்னால் வரும்).

தளபதிகள், ‘போர்க்கலை’ என்ற பழஞ்சீன நூலை எழுதியவராகச் சொல்லப்படும் சுன் ட்சுவின் பொன்மொழிகளாகப் பேசுவதையும் நிறுத்துங்கள். அவருடைய நூலின் இரண்டாம் அத்தியாயம் பெரும்பாலும் செலவுக் கணக்கு. எதிரியிடம் பறித்த ஒரு படித் தானியம் சொந்த நாட்டிலிருந்து கொண்டுவரும் இருபது படிக்குச் சமம் என்கிறார். உங்கள் படை தின்னும் தானியம் எந்தக் கிராமத்துக் குதிரில் இருந்தது, அதை அள்ளிக்கொண்டு போனபின் அந்த வீட்டில் என்ன சமைத்தார்கள் என்று எழுதுங்கள்.