பார்வையற்ற நண்பருக்குப் பாடக் குறிப்புகளைத் தயார் செய்வது எப்படி?

காலாப்பட்டில் முதுகலை வரலாறு படிக்கிறேன். வகுப்பில் பார்வையற்ற நண்பன் ஒருவன் இருக்கிறான். போன செமஸ்டரில் நாங்கள் நாலு பேர் முறை வைத்து அவனுக்குப் பாடங்களைத் தயார் செய்தோம்.

முதலில், என்ன வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். நாங்கள் கேட்காமல் பாடங்களை வாசித்து வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பிக்கொண்டிருந்தோம். "ஆடியோவுல ஒரு வருஷத்தைத் தேட முடியாதுடா, எழுத்தா குடு" என்றான்.

அச்சுப் புத்தகம் என்றால் போனில் படமெடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கணினியில் கூகுள் டாக்ஸில் திறந்தால் போதும், எழுத்தாகிவிடும். காசு கட்டும் ஆப் எதுவும் வேண்டாம். ஜன்னலோர வெளிச்சத்தில் ஒரு படத்துக்கு ஒரு பக்கம் எடுங்கள். அப்புறம் உட்கார்ந்து திருத்த வேண்டும்: துணைக்காலும் ரகரமும் குழம்பி 'பாடம்' என்பது 'பரடம்' ஆகியிருக்கும். ஸ்கேன் செய்யலாமா என்ற தயக்கம் வேண்டாம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காகப் படியெடுக்க 2012இல் திருத்திய பதிப்புரிமைச் சட்டம் இடம் தருகிறது.

நாங்கள் மாட்டிக்கொண்டது டைப் செய்த குறிப்பில்தான். என் திரையில் அழகான தமிழ், அப்படியே அனுப்பிவிட்டேன். தேர்வுக்கு இரண்டு நாள் முன்பு அவன் கூப்பிட்டு, என்விடிஏ (திரையில் இருப்பதை வாசித்துக் காட்டும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருள்) ஏதோ உளறுகிறது என்றான். ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அம்புக்குறியால் ஒவ்வோர் எழுத்தாக நகர்த்தினான்: ஜே, கே, பி, ஓ, செமிகோலன். அது 'தமிழ்' என்ற சொல்! பாமினி எழுத்துருவில் கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்துகளே, மேலே தெரியும் உருவம் மட்டும்தான் தமிழ். ஸ்கிரீன் ரீடர் உள்ளே இருப்பதைத்தான் வாசிக்கும். அதனால் எந்தக் கோப்பு வந்தாலும் ஒரு வரியை நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். ஆங்கில எழுத்தாக மாறினால் என்எச்எம் கன்வெர்ட்டர் என்ற எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்குங்கள், அதில் கோப்புக்குள் இருப்பதும் தமிழ் எழுத்தாகவே இருக்கும்.

தலைப்புகளைத் தடித்த எழுத்தாக்கினால் போதாது, கண்ட்ரோல், ஆல்ட், 1 அழுத்தி 'ஹெடிங்' ஆக்க வேண்டும். அப்போதுதான் அவர் எச் விசையைத் தட்டித் தலைப்புக்குத் தலைப்பு தாவ முடியும். படங்களை விட்டுவிடாதீர்கள். அரிக்கமேடு வரைபடத்துக்கு 'வரைபடம்' என்று எழுதினால் என்ன பயன்? அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், கடலுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று இரண்டு வரி எழுதுங்கள்.

பின்சேர்க்கை: யூனிகோடாக்கியும் தமிழை வாசிக்கவில்லை என்று ஒருவர் கேட்டிருந்தார். குரல் ஆங்கிலத்தில் இருந்திருக்கிறது. என்விடிஏ அமைப்பில் இஸ்பீக் என்ஜி என்ற பேச்சு மென்பொருளை வைத்து, குரல் பட்டியலில் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரக் குரல்தான், ஆனால் வேகத்தை எவ்வளவு கூட்டினாலும் தெளிவாகக் கேட்கிறது என்பான் நண்பன்.