பனியில் புதைந்த வண்டியை வெளியே எடுப்பது எப்படி?

அண்டார்க்டிகாவில் நம் நாட்டின் மைத்ரி ஆய்வு நிலையத்துக்கும், கடல்மேல் மிதக்கும் பனித்தட்டின் கடலோர விளிம்புக்கும் இடையே ஏறத்தாழ 100 கிலோமீட்டர். கப்பலில் வரும் எரிபொருளையும் சாமான்களையும் பிஸ்டன்புல்லி போன்ற சங்கிலிச் சக்கர வண்டிகள்தான் இழுத்து வருகின்றன. பனிப்புயல் ஓய்ந்து வெளியே வந்தால், வண்டி நின்ற இடத்தில் வெள்ளை மேடும் ஒரு கழியின் நுனியும் மட்டும் தெரியும். முதல்முறை பார்ப்பவருக்கு வயிற்றைக் கலக்கும். பதற வேண்டாம்.

முதலில் வண்டி எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மெல்லிய கம்பியை மெதுவாக இறக்கிப் பாருங்கள்; ஓங்கிக் குத்தினால் கண்ணாடி போய்விடும்.

அடுத்து, தோண்டுவது. காற்று இறுக்கிய பனி கன மீட்டருக்கு 400 கிலோ வரை கனக்கும். மண்வாரியால் கொத்திக்கொண்டே இருந்தால் தோள்பட்டைதான் போகும். ரம்பத்தால் செங்கல் போல அறுத்தால் கட்டி கட்டியாக வரும். அதைக் காற்று போகும் பக்கம் கொட்டுங்கள். எதிர்ப்பக்கம் குவித்தால் அந்தக் குவியலே புதுப் பனியைச் சேர்க்கும். வெளிப்பனியை இன்னொரு வண்டி தள்ளட்டும். கடைசி ஒரு மீட்டர் கைவேலைதான். குளிரில் விறைத்த ஹைட்ராலிக் குழாய் லேசான இடியிலும் உடையும்.

சரி, வண்டி தெரிந்துவிட்டது. சாவியைத் தொடாதீர்கள். இன்ஜின் மூடியைத் திறந்து பாருங்கள்: விரல் நுழையாத இடுக்கில்கூட மாவுப்பனி புகுந்து, குழலில் அடைத்த புட்டு போல இறுகியிருக்கும். இன்ஜினை ஓட்டினால் அது உருகும். நிறுத்தியதும் பெல்ட்டிலும் ஆல்டர்னேட்டரிலும் பனிக்கட்டியாக உறையும். மறுநாள் ஸ்டார்ட் செய்யும்போது பெல்ட் அறுந்துவிடலாம். அதனால் பிரஷ்ஷால் பொறுமையாக வழித்தெடுங்கள். காற்று வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள். அப்புறம் தார்ப்பாயால் மூடி, வெப்பக்காற்றுக் குழாயை உள்ளே விட்டு, ஈரம் முழுதும் காயும்வரை சூடாக்குங்கள். இதற்குப் பல மணி நேரம் ஆகலாம், ஆகட்டும்.

பேட்டரியைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வையுங்கள். உறைந்திருந்தால் இளகும்வரை சார்ஜ் போடக் கூடாது.

ஸ்டார்ட் செய்யும் முன் புகைக்குழாயைச் சுற்றிப் பள்ளத்தை அகலமாக வெட்டுங்கள். பள்ளத்தில் தேங்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. இன்ஜின் ஓடும்போது யாரும் குழிக்குள் நிற்கவே கூடாது. சங்கிலியில் ஒட்டிய பனிக்கட்டியைத் தட்டிவிட்டு, முன்னே சரிவு வெட்டி, மெதுவாக ஏற்றுங்கள்.

இனி நிறுத்தும்போது, காற்றுக்குக் குறுக்கே ஒரே வரிசையாக, இடைவெளி விட்டு நிறுத்துங்கள். ஒன்றன்பின் ஒன்றாக நின்றால் முன்வண்டிக்குப் பின்னால் வால் போலக் குவியும் பனி பின்வண்டியை மூடிவிடும். மூலைக்கு ஒரு கழி, நுனியில் கொடி. 1983-84இல் பனித்தட்டின் மேல் கட்டிய நம் முதல் நிலையமான தட்சிண கங்கோத்ரியே பனிக்குள் அமிழ்ந்துபோய், 1990இல் கைவிடப்பட்டது. கழியைக் கொஞ்சம் உயரமாகவே நடுங்கள்.