ஒரு பழைய கைலி போதும், பிள்ளைகள் சேர்ந்து விளையாடுவார்கள்

நாலு வயதுப் பிள்ளையிடம் ‘சேர்ந்து விளையாடு’ என்று எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. தனியாகச் செய்யவே முடியாத ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள்.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) வாசலில் நான் செய்வது இதுதான்: பழைய கைலியை விரித்து, நாலு பிள்ளைகளிடம் நாலு மூலையைக் கொடுத்து, நடுவில் ஒரு கைப்பிடி ரப்பர் கொட்டையைப் போட்டு, கோயில் திடல் வரை சிந்தாமல் கொண்டுபோகச் சொல்வேன். முதல் தடவை பெரியவன் ஓடுவான், சின்னவள் பக்கம் துணி தாழும், கொட்டையெல்லாம் சிமெண்டுத் தரையில் உருளும். உடனே போய்த் திருத்தாதீர்கள்! இரண்டு மூன்று தடவை சிந்தியபின் அவனே திரும்பிப் பார்த்து, “தங்கச்சி, தூக்கிப் பிடி, நான் மெதுவா வரேன்” என்பான். எனக்கு அந்த இடம்தான் ரொம்பப் பிடிக்கும்.

இரண்டு மூன்று வயதில் பக்கத்தில் உட்கார்ந்து அவரவர் பாட்டுக்கு விளையாடுவது இயல்பு, பிள்ளைகளின் விளையாட்டை ஆராய்ந்த மில்ட்ரெட் பார்ட்டன் 1932-லேயே இதை எழுதியிருக்கிறார், அதனால் அவர்களை வற்புறுத்த வேண்டாம். அப்புறம், ரப்பர் கொட்டையில் நச்சு உண்டு. எதையும் வாயில் வைக்கும் பிள்ளை கூட இருந்தால் பந்தைப் போடுங்கள்.