வட சென்னைக்கு வந்து இறங்கிய மென்பொருள் பொறியாளர்களுக்கு

துபாய், கோலாலம்பூர், தோஹா என்று எங்கோ ஐந்தாறு ஆண்டு மென்பொருள் வேலை பார்த்துவிட்டு, பெரம்பூரிலோ கொளத்தூரிலோ தண்டையார்பேட்டையிலோ வீடு பிடித்து, இனி இங்கேதான் என்று முடிவெடுத்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெளியிலிருந்து வந்தவர்களைப் பார்த்துப் பழகிய ஊர் இது. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் வியாசர்பாடியில் குடியேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் இன்றும் பர்மா பஜார் பக்கத்துக் கடைகளில் சூடாகக் கிடைக்கிறது. ஊர் உங்களுக்குச் சீக்கிரம் பழகிவிடும். வேலைக்கான நேர்காணல் அப்படி இல்லை. நான் துபாயிலிருந்து பெரம்பூருக்கு வந்தபோது அதற்குத்தான் நாள் பிடித்தது.

முதல் தொலைபேசி அழைப்பு

எச்.ஆர். பேசும்போது வேலையைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே சம்பளமும் நோட்டீஸ் பீரியடும் (ராஜினாமா கொடுத்த பிறகும் வேலை பார்க்க வேண்டிய நாட்கள்) வந்துவிடும். இங்கே பல நிறுவனங்களில் நோட்டீஸ் 60 அல்லது 90 நாள். ஆள் உடனே வேண்டும் என்று தவிக்கும் குழுக்கள் நிறைய. பழைய வேலையை முடித்துக்கொண்டு வந்தவர் என்றால், உடனே சேர முடியும் என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லுங்கள்.

சம்பளத்தைத் திர்ஹாமிலிருந்தோ ரிங்கிட்டிலிருந்தோ ரூபாய்க்கு மாற்றிக் கேட்காதீர்கள். உங்கள் அனுபவத்துக்குச் சென்னையில் என்ன தருகிறார்கள் என்று நண்பர்கள் நான்கு பேரிடம் விசாரித்துவிட்டு ஒரு தொகை சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் சி.டி.சி., அதாவது உங்களுக்காக நிறுவனம் ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை, கைக்கு வரும் பணம் அல்ல. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, பெரும்பாலும் அடிப்படைச் சம்பளத்தில் 4.81 சதவீதம் என்று கணக்கிடும் கிராஜுவிட்டி (பணிக்கொடை), ஆண்டு முடிவில் வந்தாலும் வரலாம் என்கிற வேரியபிள் எல்லாம் அதற்குள் அடங்கும். "மாதாமாதம் கைக்கு எவ்வளவு வரும்?" என்று நேராகவே கேளுங்கள். யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

இந்தியக் குடியுரிமை இல்லாதவர்கள் அதையும் அப்போதே சொல்லிவிடுவது நல்லது. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தருவது) இருந்தால் தனியார் நிறுவனத்தில் வேலை செய்யலாம். இல்லையென்றால் எம்ப்ளாய்மென்ட் விசா வேண்டும்.

அனுபவச் சான்றிதழ், ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்), கடைசி மூன்று மாத பே ஸ்லிப் ஆகிய மூன்றையும் விமானம் ஏறுவதற்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு எல்லாச் சுற்றும் முடிந்து ஆஃபர் கையில் இருந்தது. ஆனால் பழைய நிறுவனம் கடிதம் தராமல் இழுத்தடித்ததில் சேரும் தேதி ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. அந்த ஒன்றரை மாத வீட்டு வாடகை இன்னும் நினைவில் இருக்கிறது.

"நாங்கள்" என்ற சொல்

இப்போது நான் நேர்காணல் எடுக்கும் பக்கம் உட்கார்கிறேன். நல்ல பொறியாளர்கள் திரும்பத் திரும்பத் தோற்கும் இடம் ஒன்று உண்டு. "என்ன செய்தீர்கள்?" என்று கேட்டால், "நாங்கள் அந்தச் சர்வீஸை மாற்றி எழுதினோம், நாங்கள் வேகத்தைக் கூட்டினோம்" என்பார்கள். நான், நான் என்று பேசுவது தற்பெருமை என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். வீட்டில் அது நல்ல பண்புதான். ஆனால் நேர்காணலில் எதிரில் இருப்பவர் உங்கள் குழுவை வேலைக்கு எடுக்கப் போவதில்லை. எந்த முடிவு உங்களுடையது, எதைப் பார்த்து எடுத்தீர்கள், எதை வேண்டாம் என்று தள்ளினீர்கள் என்பதே அவருக்குத் தெரிய வேண்டும். புதிதாகப் படிப்பு முடித்தவரிடம் இதை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆறு ஆண்டு அனுபவம் உள்ளவரிடம் கட்டாயம் எதிர்பார்ப்பார்கள்.

இதற்கு நான் கண்ட ஒரே பயிற்சி, வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது. அதுவும் முதலில் தமிழில். என் பெரியப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மெசேஜ் க்யூ (வரும் வேலைகளை வரிசையில் நிறுத்தி வைக்கும் அமைப்பு) வைத்து நான் சரிசெய்த ஒரு பிரச்சினையை அவரிடம் சொன்னேன். காசிமேட்டில் படகுகள் வந்து சேரும் வேகமும் ஏலம் விடும் வேகமும் வேறு வேறு, நடுவில் கூடைகள் வரிசையாகக் காத்திருக்கும், அதுபோல என்று விளக்கினேன். அவர் கேட்டார்: "சரிப்பா, கூடை வைக்க இடமே இல்லாம போனா?" எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று இரவு உட்கார்ந்து பேக்பிரஷர் (வரிசை நிரம்பினால் அனுப்புபவரை மெதுவாக்குவது) பற்றி ஒழுங்காகப் படித்தேன். இப்படி மூன்று கதைகளைத் தயார் செய்யுங்கள்: ஒன்று நீங்கள் கட்டியது, ஒன்று உடைந்ததைச் சரிசெய்தது, ஒன்று சக ஊழியரோடு கருத்து வேறுபட்டது. தமிழில் தெளிவாக வந்துவிட்டால் ஆங்கிலத்தில் தானாக வரும்.

டிசைன் சுற்றும் கோடிங்கும்

ஒரு அமைப்பை எப்படிக் கட்டுவீர்கள் என்று கேட்கும் டிசைன் சுற்றுக்குப் பெரிய நிறுவனங்களின் வரைபடங்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். தெருமுனை டீக்கடையில் யு.பி.ஐ.யில் பணம் போடுகிறீர்கள், திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மறுபடி அனுப்பினால் இரண்டு முறை பணம் போய்விடுமா? இதை எப்படித் தடுப்பீர்கள் என்று யோசியுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனி ஐடி, டேட்டாபேஸில் அது இரண்டாம் முறை பதியாமல் தடுப்பது, முடிவு தெரியாத நிலையை "பெண்டிங்" என்று வைத்துப் பிறகு கணக்கைச் சரிபார்ப்பது என்று ஒரு மணி நேரம் பேச விஷயம் இருக்கிறது.

கணக்கும் போட்டுக் காட்டுங்கள். நாளொன்றுக்கு 1 கோடி கோரிக்கை என்றால், 86,400 நொடியால் வகுத்தால் நொடிக்குச் சுமார் 116தான். நெரிசல் நேரத்தில் அது பத்து மடங்கானாலும் ஒரு நல்ல டேட்டாபேஸ் பெரும்பாலும் தாங்கும். எடுத்த எடுப்பிலேயே ஷார்டிங் (தரவைப் பல டேட்டாபேஸ்களுக்குப் பிரிப்பது), காஃப்கா (பெரிய அளவில் செய்திகளைக் கடத்தும் மென்பொருள்) என்று பேசத் தேவையில்லை.

கோடிங்கைப் பொறுத்தவரை தினம் இரண்டு நிரல் கணக்கு, ஆறு வாரம். ஹாஷ்மேப், ட்ரீ, கிராஃப் என்ற தரவு அமைப்புகளும் ஸ்லைடிங் விண்டோ என்ற உத்தியும் போதும். எளிய வழியை முதலில் சொல்லிவிட்டு மேம்படுத்துங்கள். சென்னையில் மொழியின் உள்ளே புகுந்தும் நிறையக் கேட்பார்கள். ஜாவா என்றால், ஹாஷ்மேப்பில் ஒரே பக்கெட்டில் (உள்ளே இருக்கும் அறையில்) நிறையச் சேர்ந்தால் ஜாவா 8 முதல் அது லிஸ்ட்டிலிருந்து ட்ரீயாக மாறுவது வரை கேட்பார்கள். வெளிநாட்டில் இந்த அளவுக்கு யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இடமும் பயணமும்

ஆன்லைன் சுற்றுக்கு வீட்டின் சத்தத்தைக் கணக்கில் எடுங்கள். ஆடி மாதம் அம்மன் கோயில் ஒலிபெருக்கி விடியற்காலையிலேயே தொடங்கிவிடும். துறைமுகச் சாலைப் பக்கம் என்றால் கண்டெய்னர் லாரிகளின் ஹாரன். கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகத்தில் படிக்கவும் லேப்டாப் வைத்து வேலை செய்யவும் இடம் இருக்கிறது, கட்டணமும் குறைவு. தயாரிப்புக்கு நல்ல இடம். பேச வேண்டிய சுற்றுக்கு மட்டும் அமைதியான அறை உள்ள உறவினர் வீட்டைக் கேட்டு வையுங்கள்.

நேரில் வரச் சொல்வது பெரும்பாலும் சனிக்கிழமை. அலுவலகம் கிண்டியில் என்றால் விம்கோ நகரிலிருந்து விமான நிலையம் போகும் மெட்ரோவில் தண்டையார்பேட்டையிலேயே ஏறி நேராக இறங்கலாம். தரமணி என்றால் கடற்கரை நிலையம் போய்ப் பறக்கும் ரயில். சிறுசேரி என்றால் இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. சுரங்கப்பாதைகளில் தண்ணீர் நின்றால் ஆட்டோ சுற்றித்தான் போகும். அன்றைக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள், மாற்றுச் சட்டை ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.