முடக்குவாத நோயாளியின் உறவினருக்கு ரத்தப் பரிசோதனை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் பட்டமேற்படிப்பு மாணவர் ஒருவர் என் மேசையில் வைத்த வெளிநோயாளர் சீட்டில், முடக்குவாத நோயாளி ஒருவரின் தங்கைக்கு ‘ஆரம்பகட்ட முடக்குவாதம்’ என்று எழுதியிருந்தது. எந்த மூட்டு வீங்கியிருக்கிறது என்று கேட்டேன். எதுவும் வீங்கவில்லை, முடக்குவாதத்தில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்பொருளான ஆன்டி-சிசிபி மட்டும் கூடியிருக்கிறது என்றார். அதே இரண்டு சொற்களை நானும் ஒரு காலத்தில் எழுதியவன் என்பதால் அவர்மீது கோபம் வரவில்லை. மாதிரி மாறிப்போவது போன்ற ஆய்வகப் பிழைகள் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

ரத்தத்தில் இருப்பதை மூட்டில் இருப்பதாக எழுதுவது

என்னிடம் நெடுநாள் சிகிச்சை பெற்றுவந்த ஒரு தாயார், கல்லூரியில் படித்த மகளை அழைத்துவந்து, “இவளுக்கும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள் டாக்டர்” என்றார். அதே போன்ற இன்னோர் எதிர்ப்பொருளான ஆர்.ஏ. ஃபேக்டர் 34 என்று வந்தது. அந்த ஆய்வகத்தில் 20 வரை இயல்பு. விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு சொற்களை எழுதினேன். அந்தச் சீட்டை நம்பி வேறோர் இடத்தில் முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் தொடங்கினார்கள். கருவைப் பாதிக்கக்கூடிய மருந்து அது. ஐந்து மாதம் தலைமுடி கொட்டிய பிறகு அந்தப் பெண் திரும்பி வந்தபோதும் மூட்டுகள் நன்றாகவே இருந்தன. இன்று நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் பெயர்தான். முடக்குவாதத்தின் ஆங்கிலப் பெயர்ச் சுருக்கமான ‘ஆர்.ஏ.’வையே சுமந்துகொண்டிருப்பதால், ஆர்.ஏ. ஃபேக்டர் கூடினால் நோய் வந்துவிட்டது என்று குடும்பமே நம்பிவிடுகிறது. ஹெபடைடிஸ் சி, கண்ணும் வாயும் உலர்ந்துபோகும் ஷோகிரென் நோய், நீடித்த கிருமித்தொற்று ஆகியவற்றிலும், நலமாக இருக்கும் முதியவர்களிடமும்கூட அது கூடும். ஆன்டி-சிசிபி அதைவிட நம்பகமானதுதான். ஆனால் அதுவும் நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரிடம் கூடுதலாகக் காட்டுவதாகக் கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1000 உறவினர்களில் 10 பேருக்கு நோய் இருந்தால், சரியாகப் பிடிபடுபவர்கள் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 6 அல்லது 7 பேர். காரணமில்லாமல் தூக்கத்தைத் தொலைப்பவர்கள் ஏறக்குறைய 50 பேர்.

நோய் வெளிப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே இந்த எதிர்ப்பொருள்கள் தோன்றுவதைச் சுவீடனிலும் நெதர்லாந்திலும் முன்பே சேமித்துவைத்த ரத்த மாதிரிகள் காட்டினவே என்று மாணவர்கள் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் அந்த ஆய்வுகள் நோய் வந்தவர்களிடம் தொடங்கிப் பின்னோக்கிச் சென்றவை. நாமோ நோய் வராத ஒருவரிடம் தொடங்கி முன்னோக்கிச் செல்கிறோம். கனடாவின் மனிடோபா மாகாணத்துப் பூர்வகுடிகளிடையே முடக்குவாதம் மிகுதி. அங்கே நோயாளிகளின் உறவினர்களை ஆண்டுக்கணக்காகப் பின்தொடர்ந்தபோது, எதிர்ப்பொருள் இருந்தவர்களில் பலருக்கு நோய் வரவில்லை. சிலருக்கு அந்த எதிர்ப்பொருளே மறைந்துபோனது. முடக்குவாதத்துக்கான 2010ஆம் ஆண்டின் வகைப்பாட்டு விதிகளும் ஒரு மூட்டிலாவது அழற்சி இருப்பதை மருத்துவர் உறுதிசெய்த பிறகே ரத்தப் பரிசோதனைக்கு மதிப்பெண் தருகின்றன.

அளவைச் சொல்லாமல் ‘பாசிட்டிவ்’ என்று மட்டும் சொல்வது

இயல்பின் மேல்வரம்பு 20 என்றால், 60ஐத் தாண்டினால்தான் அது உயர்ந்த அளவு. 24ஐயும் 240ஐயும் ஒரே சொல்லால் அழைக்காதீர்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி இரண்டும் சேர்ந்து உயர்ந்திருந்தால் கூடுதல் கவனம் தேவை.

‘நெகட்டிவ்’ என்றதும் வழியனுப்பிவிடுவது

முடக்குவாத நோயாளிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஆன்டி-சிசிபி இருப்பதில்லை. காலையில் கை விறைப்பு ஒரு மணி நேரம் நீடித்தாலோ, விரல் மூட்டு வீங்கினாலோ உடனே வரச் சொல்லி அனுப்புங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதிப்பது

அறிகுறி இல்லாதவருக்கு வேண்டாம்.

முன்கூட்டியே மாத்திரை கொடுப்பது

ஆன்டி-சிசிபி உயர்ந்திருந்தவர்களுக்கு அமெரிக்காவில் முடக்குவாத மருந்தான ஹைட்ராக்சிகுளோரோகுவின் கொடுத்துப் பார்த்தார்கள். அது நோயைத் தடுக்கவில்லை. 2024இல் வெளியான ஐரோப்பிய ஆய்வுகளில் அபடாசெப்ட் என்ற இன்னொரு முடக்குவாத மருந்து நோயைத் தள்ளிப்போட்டது. ஆனால் அவற்றில் சேர்ந்தவர்கள் எதிர்ப்பொருளோடு மூட்டுவலியும் இருந்தவர்கள். வலியே இல்லாத தங்கைக்கு அந்த முடிவைப் பொருத்தக் கூடாது.

புகையிலையைப் பற்றிக் கேட்காமல் விடுவது

முடக்குவாதத்துக்கு இடம்தரும் பரம்பரை மரபணுவை நாம் மாற்ற முடியாது. அந்த மரபணு உள்ளவர் புகைக்கும்போது ஆன்டி-சிசிபியோடு கூடிய முடக்குவாதத்தின் அபாயம் பல மடங்கு ஏறுகிறது. மாணவரின் சீட்டில் பரிசோதனை எண்கள் தசமப் புள்ளிவரை இருந்தன. அந்தத் தங்கையோ வீட்டில் மற்றவர்களோ புகைக்கிறார்களா என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லை.