வாகனத்தில் வோக்கி செட் பூட்டுபவர்களுக்கு

செட் பூட்டித் தரச் சொல்லி வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது லைசன்ஸைத்தான். இலங்கையில் இப்படியான செட்டை வைத்திருக்கவும் அதில் பேசவும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும். எந்த அலைவரிசையில் பேசலாம் என்பதும் அந்த அனுமதியில்தான் இருக்கும். அது கையில் இருந்தால் வேலையைத் தொடங்கலாம்.

நான் மட்டக்களப்பு செங்கலடியில் வாகன வயரிங் வேலை செய்கிறவன். மாரியில் வாவிக்கு மேற்கே இருக்கிற படுவான்கரைப் பக்கம் வெள்ளம் வந்தால் கரண்ட் போகும். டவரின் பெட்டரியும் இறங்கிவிட்டால் போனும் செத்துவிடும். அந்த நேரத்தில் நிவாரணத்துக்கு ஓடுகிற டபுள் கெப்புக்கு இந்த செட்தான் வாய். அதனால் இந்த வேலையில் அரைகுறை கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

கரண்ட் எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. "சிகரட் சொக்கட்டில குத்தினா வேலை செய்யும்தானே மனே" என்று வயதான சாரதிமார் கேட்பார்கள். மற்றவர் பேசுவதைக் கேட்கிற நேரம் வேலை செய்யும், நாங்கள் பேசும்போதுதான் கோளாறு தெரியும். 50 வொட் செட் ஒன்று சும்மா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு அம்பியருக்கும் குறைவாகவே இழுக்கும். பேசுவதற்கு மைக்கின் பட்டனை அமர்த்தியதும் 10 அம்பியரைத் தாண்டும். வயரிலும் சொக்கட்டிலும் சேர்த்து 0.1 ஓம் தடை இருந்தாலே அந்த நேரம் 1 வோல்ட் தொலைந்துவிடும். குரல் கரகரக்கும், சில செட் அணைந்து திரும்ப எழும்பும். ஆகவே நேராக பெட்டரியிலிருந்து தடித்த வயர் இழுங்கள்.

சிவப்பு வயரில் பியூஸை பெட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் வையுங்கள். செட்டின் பக்கத்தில் பியூஸ் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். வயர் எங்காவது தகட்டில் உரசி வெட்டுப்பட்டால், பெட்டரிக்கும் அந்த வெட்டுக்கும் இடையில் பியூஸ் இருந்தால்தான் வாகனம் எரியாமல் தப்பும். எஞ்சின் பக்கமிருந்து உள்ளே வருகிற துளையில் றப்பர் வளையம் கட்டாயம். கறுப்பு வயரை, பெட்டரியின் எர்த் வயர் பொடியில் (வாகனத்தின் இரும்பு உடலில்) பூட்டியிருக்கிற போல்ட்டுக்குக் கொண்டுபோங்கள். புதிய வாகனங்களில் நெகட்டிவ் முனையில் கரண்ட் அளக்கிற சென்சர் இருக்கும். கறுப்பு வயரை அந்த முனையிலேயே பூட்டினால் அதன் கணக்குப் பிழைக்கும்.

லொறிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். உங்கள் வாகனம் பெரும்பாலும் 24 வோல்ட். இரண்டு பெட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்துக் கொடுப்பதை இங்கே பலர் செய்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். ஒரு பெட்டரி இறங்கிக்கொண்டே போகும், மற்றது அளவுக்கு மீறிச் சார்ஜ் ஏறும், கடைசியில் இரண்டும் போகும். 24-ஐ 13.8 வோல்ட்டாகக் குறைக்கிற கன்வேர்ட்டர் வாங்குங்கள்.

செட்டை வைக்கிற இடம்: எயார்பேக் விரிகிற வழியில் வேண்டாம், சீட்டுக்கு அடியிலும் வேண்டாம். வெள்ளத்தில் கதவால் தண்ணீர் வந்தால் முதலில் நனைவது அந்த இடம்தான்.

இனி அன்டெனா. நல்ல இடம் கூரையின் நடு. 145 மெகாஹேர்ட்ஸுக்குக் கால் அலை அன்டெனா (அலை நீளத்தில் நாலில் ஒன்று) ஏறத்தாழ 49 சென்ரிமீற்றர்; ஆனால் அந்தக் கம்பி பாதிதான், கீழே இருக்கிற இரும்புக் கூரை மற்றப் பாதி. கன்வஸ் கூரை, பைபர் பொடி என்றால் அந்த மற்றப் பாதி இல்லை. அதற்கு எர்த் தகடு தேவைப்படாத அரை அலை அன்டெனா போடுங்கள். துளை போட்டுப் பூட்டும்போது கூரையின் உட்பக்கம் பெயின்டைச் சுரண்டி, மினுங்குகிற இரும்பில் எர்த் பிடிக்கச் செய்யுங்கள். காந்த அடி போட்டால் துளை தேவையில்லை. ஆனால் கல்லடி, காத்தான்குடிப் பக்கத்து உப்புக் காற்றில் அதன் அடியில் மணலும் ஈரமும் சேர்ந்து துரு பிடிக்கும். அடிக்கடி தூக்கித் துடையுங்கள். அன்டெனாவை செட்டோடு இணைக்கிற கொக்ஸ் வயரைக் கதவின் கீழ் மூலையால் எடுத்து, உள்ளே நுழைய முன் கொஞ்சம் கீழே தொங்குகிற மாதிரி வளைத்துவிடுங்கள். மழைத் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். வெளியே இருக்கிற கனெக்டரைத் தன்னோடு தானே ஒட்டுகிற றப்பர் டேப்பால் இறுக்கிச் சுற்றாவிட்டால், அடுத்த மாரிக்குள் பித்தளை பச்சையாகிவிடும்.

அளந்து பார்க்காமல் பேச வேண்டாம். அன்டெனாவுக்குப் போகிற பவர் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டுகிற எஸ்டபிள்யூஆர் மீட்டரை செட்டுக்கும் அன்டெனாவுக்கும் இடையில் போட்டு, திறந்த வெளியில், கதவுகளைச் சாத்தி, குறைந்த பவரில் பாருங்கள். 1.5-க்குக் கீழே வந்தால் சரி. 3-ஐத் தாண்டினால் உடனே நிறுத்துங்கள், செட்டின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர் எரியக்கூடும். அளவு கூட இருந்தால், அன்டெனாக் கம்பியை வெட்ட முன் அதன் அடியில் எர்த்தைப் பாருங்கள், பெரும்பாலும் கோளாறு அங்கேதான். எர்த் சரியாக இருந்து, மேல் அலைவரிசையில் மட்டும் அளவு கூடினால் கம்பி நீளம். இரண்டு மூன்று மில்லிமீற்றராக வெட்டுங்கள். கீழ் அலைவரிசையில் கூடினால் கம்பி கட்டை. அதற்கு வெட்டி உதவாது.

அக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க விசில் மாதிரிச் சத்தம் ஏறினால் அது பெட்டரியைச் சார்ஜ் பண்ணுகிற ஒல்டனேட்டரின் சத்தம். பவர் வயரின் முனைகளையும் எர்த்தையும் திரும்ப இறுக்குங்கள்.

எங்கள் பக்கம் தரை தட்டை. கூரை மட்டத்தில் இரண்டு மீற்றர் உயரத்து அன்டெனாவுக்கு அடிவானம் ஆறு கிலோமீற்றர் அளவில்தான், இரண்டு வாகனம் பேசினால் பன்னிரண்டு. அலுவலகத்தில் 15 மீற்றர் கம்பத்தில் அன்டெனா நின்றால் இருபதைத் தாண்டலாம். ஆகவே கூடுதல் வொட் செட்டுக்குப் போகிற காசைக் கம்பத்தில் போடுங்கள். பூட்டிய பிறகு ஒருவரை அலுவலகத்தில் இருத்தி, மண்முனைப் பாலத்தைக் கடந்து கொக்கட்டிச்சோலை வரை ஓடிக்கொண்டே பேசிப் பாருங்கள். எந்த இடத்தில் குரல் உடைகிறது என்பதைச் சாரதி எழுதி வைத்துக்கொள்ளட்டும். கிரவல் ரோட்டில் கொஞ்ச நாள் ஓடியதும் எல்லா போல்ட்டையும் மறுபடி இறுக்குங்கள்.